நிறுத்தி வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பேட்டரி இறங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா நிறுவனம் 1989 முதல் 1997 வரை தயாரித்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அமெரிக்காவில் மியாட்டா என்றும் விற்கப்பட்ட இந்த இரண்டு இருக்கைக் காரில் மின் அமைப்பு எளிமையானது. எனவே கசிவை, அதாவது நிறுத்திய காரில் பேட்டரியை வீணே இறக்கும் மின்னோட்டத்தை, தேடக் கற்றுக்கொள்வதற்கு இது நல்ல கார். அதே காலத்தையும் அதற்குச் சற்றுப் பிந்தைய காலத்தையும் சேர்ந்த போர்ஷே, கார்வெட் போன்றவற்றில் முறை மாறும் இடங்களையும் ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

சாவியை எடுத்த பிறகும் காரில் மின்னோட்டம் ஓடுவது இயல்புதானா?

இயல்புதான். கடிகாரம் நேரத்தைக் காக்க வேண்டும், ரேடியோ தன் நிலையங்களை நினைவில் வைக்க வேண்டும், எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி தான் கற்ற அளவுகளை மறக்காமல் இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து, அலாரம் எதுவும் பொருத்தப்படாத ஓர் எம்எக்ஸ்-5 காரில் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். தொழிற்சாலையிலேயே அலாரமும் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பொருத்தப்பட்டு வந்த கார்களில் 50 மில்லி ஆம்பியர் வரை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் நிலையாக ஓடினால் காரணம் தேட வேண்டும்.

இந்த எண்களின் எடையை நாள் கணக்கில் பார்த்தால்தான் புரியும். எம்எக்ஸ்-5 காரின் பேட்டரி 30 ஆம்பியர்-மணியை ஒட்டிய சிறிய பேட்டரி. அதில் பாதியை, அதாவது 15 ஆம்பியர்-மணியை இழந்தாலே குளிர்ந்த காலையில் செல்ஃப் திணறத் தொடங்கும். 20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிக்கும் குறைவு. பாதி இறங்க ஒரு மாதம் ஆகும். 50 மில்லி ஆம்பியரில் அது பன்னிரண்டு நாளாகச் சுருங்கும். 300 மில்லி ஆம்பியர் ஓடினால் இரண்டே நாள். அணையாமல் எரியும் ஒரு சிறிய 5 வாட் விளக்கு 400 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு வார இறுதியில் கார் ஏன் ஊமையானது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மட்டும் இந்தத் தொல்லை ஏன் அதிகம்?

அன்றாடம் ஓடும் காரில் சிறு கசிவு இருந்தாலும் மறுநாள் ஓட்டத்தில், எஞ்சின் சுழற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இழப்பை ஈடுகட்டிவிடும். உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது. ஸ்போர்ட்ஸ் கார் வாரக்கணக்கில் நிற்கிறது, குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிறது. அதோடு எடையைக் குறைப்பதற்காகச் சிறிய பேட்டரி. இவற்றைவிட முக்கியமான காரணம் மூன்றாவது: முப்பது ஆண்டுகளில் ஐந்தாறு கைகள் மாறிய காரில் ஒவ்வொருவரும் ஒரு ரேடியோ, ஓர் அலாரம், ஓர் ஆம்பிளிஃபயர், ஒரு கண்காணிப்புக் கருவி என்று எதையாவது சேர்த்திருப்பார்கள், கழற்றியபோது ஒயரைப் பாதியில் வெட்டி விட்டிருப்பார்கள். என் அனுபவத்தில், தொழிற்சாலை கொடுத்த ஒயரிங்கைவிடப் பின்னால் சேர்க்கப்பட்ட ஒயரிங்கில்தான் பெரும்பாலான கசிவுகள் அகப்படுகின்றன.

குறை பேட்டரியிலா, காரிலா என்று முதலில் எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் புதிய பேட்டரி வாங்குபவர்களே மிகுதி. புதிய பேட்டரியும் அதே கசிவுக்கு இரையாகி, சில மாதங்களில் பழையதைப் போலவே ஆகிவிடுகிறது. ஆகவே பணம் செலவழிப்பதற்கு முன் ஓர் எளிய சோதனையைச் செய்யுங்கள்.

பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றுங்கள். பிறகு காரோடு இணைக்காமல் பன்னிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். ஏற்றிய உடனே அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றம் உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். ஓய்ந்த பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் அது நிறைந்திருக்கிறது. கண்ணாடியிழைப் பஞ்சில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகையில் 12.8-க்கு மேல் இருக்கும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. இப்படி அளந்த பேட்டரியை இணைக்காமலே இன்னும் நான்கைந்து நாள் வைத்து மறுபடி அளங்கள். எண் அப்படியே நின்றால் பேட்டரி மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. குற்றம் காரில் இருக்கிறது. தனியே கிடக்கும்போதே அது இறங்கினால் உள்ளே ஓர் அறை (செல்) கெட்டிருக்கிறது, காரைக் குடைவதில் பயனில்லை.

மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் பேட்டரியும் சுமையைத் தாங்காமல் போகலாம் என்பதால், பேட்டரிக் கடையில் ஒருமுறை சுமைச் சோதனையும் செய்துகொள்வது நல்லது. கூடவே, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கார் கசியவில்லை, சார்ஜே ஏறவில்லை.

பேட்டரியின் மேல்மூடியில் படியும் அழுக்கும் அமில ஈரமும்கூட ஒரு கசிவுப் பாதைதான். மீட்டரின் கறுப்பு முனையை எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையைப் பிளாஸ்டிக் மூடியின்மேல் நகர்த்திப் பாருங்கள். வோல்ட் காட்டினால் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மூடிகளின் துளை வழியாகச் சோடா நீர் உள்ளே போகக் கூடாது.

மின்னோட்டத்தை அளக்க மல்டிமீட்டரை எப்படி இணைப்பது?

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று குறித்த துளைக்கு மாற்றுங்கள். எப்போதும் இதிலிருந்தே தொடங்க வேண்டும். மில்லி ஆம்பியர் துளையில் தொடங்கினால் கார் ஒரு கணம் விழித்துச் சில ஆம்பியர் இழுத்தாலே மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். பிறகு பேட்டரியின் எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, அந்த முனைக்கும் கேபிளுக்கும் இடையில் மீட்டரை வைக்க வேண்டும். நேர்முனையைத் தொடாமல் எதிர்முனையிலேயே வேலை செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். எம்எக்ஸ்-5 காரில் பேட்டரி டிக்கிக்குள், சுற்றிலும் இரும்புத் தகடு உள்ள இடத்தில் இருப்பதால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

கேபிளைக் கழற்றும் முன் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொள்ளுங்கள். முதலாவது, அந்தக் காலத்து ரேடியோக்கள் பலவும் மின்சாரம் போய்த் திரும்பினால் ரகசிய எண்ணைக் கேட்கும். எண் கைவசம் இருக்க வேண்டும். இரண்டாவது, இணைப்பு ஒரு கணம்கூட அறுபடாமல் இருந்தால்தான் கார் உறங்கும் நிலையை உள்ளபடியே அளக்க முடியும். கேபிளைக் கழற்றி மாட்டினால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் புதிதாக விழித்தெழும். அலாரம் தன்னை மறுபடி அமைத்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்டிருந்த ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) விடுபட்டுவிடவும் கூடும். அப்படி விடுபட்டால் நீங்கள் தேடி வந்த குறை உங்கள் கண் முன்னாலேயே மறைந்துவிடும். இதைத் தவிர்க்க, இரு முனைகளிலும் கிளிப் உள்ள, ஃபியூஸ் பொருத்திய ஒரு ஒயரை முதலில் எதிர்முனைக்கும் கேபிளின் வளையத்துக்கும் இடையே மாட்டிவிட்டு, அதன் பிறகு கேபிளைக் கழற்றி, மீட்டரையும் இணைத்து, கார் அடங்கிய பின் அந்த ஒயரை எடுத்துவிடுங்கள். அதுவரை ஒயர் வழியாக ஓடிய மின்னோட்டம் முழுவதும் மீட்டருக்குள் வந்துவிடும்.

மீட்டர் இணைப்பில் இருக்கும்போது இக்னிஷனைப் போடவோ, செல்ஃப் அடிக்கவோ கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை எந்தக் கை மீட்டரும் தாங்காது.

நேர்மின்னோட்டத்தை (DC) அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர், அதாவது எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று அழைப்பது, உங்களிடம் இருந்தால் எதையும் கழற்றாமலே கேபிளைச் சுற்றி மாட்டிப் பார்க்கலாம். ஆனால் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்ட கிளாம்ப் மீட்டர்கள் பலவற்றால் நேர்மின்னோட்டத்தை அளக்கவே முடியாது; அளப்பவற்றிலும் பத்து இருபது மில்லி ஆம்பியர் பிழை சாதாரணம். பூமியின் காந்தப் புலம்கூட எண்ணை நகர்த்தும் என்பதால், அளக்கப் போகும் திசையிலேயே பிடித்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகு மாட்டுங்கள். அரை ஆம்பியர் கசிவைப் பிடிக்க அது போதும். 30-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல அதை நம்ப வேண்டாம்.

கதவும் டிக்கியும் திறந்திருக்கும்போது விளக்குகள் எரியுமே, அப்போது அளவு தவறாதா?

தவறும். ஆகவே காரைப் பூட்டிய நிலைக்குக் கொண்டுவந்துதான் அளக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டின் கொக்கியை ஒரு ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டால் சில கார்கள் கதவு மூடியிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். கதவுச் சட்டத்தில் பொத்தான் சுவிட்ச் உள்ள பழைய கார்களில் அந்தப் பொத்தானை அழுத்தி டேப் ஒட்டினால் போதும். கொக்கியைத் தள்ளியிருந்தால், வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அதை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். மறந்து சாத்தினால் பூட்டு சேதமாகும். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டால் உள்ளே கையை நுழைக்க வழி இருக்கும். அலாரம் இருக்கும் காரை வழக்கம்போல் ரிமோட்டால் பூட்டிவிடுங்கள்.

மீட்டரில் தொடக்கத்தில் பெரிய எண் காட்டிப் பிறகு குறைகிறது. எதை நம்புவது?

கடைசியில் நிலைக்கும் எண்ணை. 1990-களின் தொடக்கக் கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் குறைவு; சில நிமிடங்களில் எண் அடங்கிவிடும். அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து வந்த கார்களில் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, ஒவ்வொன்றாக உறங்கப் போகும்; அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் காரைத் தொடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. கைப்பிடியைத் தொட்டாலோ, சாவியோடு அருகில் போனாலோ, ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினாலோ எல்லாம் மறுபடி விழித்துவிடும். பொறுமையிழந்து ஐந்தாம் நிமிடத்தில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாமா?

எம்எக்ஸ்-5 போன்ற எளிய காரில் பிடுங்கிப் பார்க்கலாம். ஒருவர் மீட்டரைக் கவனிக்க, மற்றவர் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்தால் எந்தக் கிளையில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கே குறை இருக்கிறது. ஆனால் அதைவிட மேலான முறை ஒன்று உண்டு. பிந்தைய கார்களுக்கு அதுவே உகந்தது.

ஒவ்வொரு ஃபியூஸுக்கும் மிகச் சிறிய மின்தடை இருக்கிறது. அதன் வழியாக மின்னோட்டம் ஓடினால் அதன் இரு கால்களுக்கும் இடையில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். பிளேடு ஃபியூஸ்களின் தலையில், பிளாஸ்டிக்குக்கு வெளியே, இரண்டு உலோகப் புள்ளிகள் தெரிவது இதை அளப்பதற்காகவே. மீட்டரை மில்லி வோல்ட் அளவில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட்டால், எதையும் கழற்றாமல், எதையும் எழுப்பாமல், அந்தக் கிளையில் ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வழக்கமான அளவுள்ள 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் தடை ஏழு, எட்டு மில்லி ஓம் இருக்கும், எனவே 0.1 மில்லி வோல்ட் காட்டினால் ஏறத்தாழ 13 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, 1 மில்லி வோல்ட் என்றால் 130. 15 ஆம்பியர் ஃபியூஸில் அதே 0.1 மில்லி வோல்ட் சுமார் 20 மில்லி ஆம்பியரைக் குறிக்கும். 30 ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 50. பெரிய ஃபியூஸ்களில் தடை குறைவாதலால் சிறு கசிவு மீட்டரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம். அங்கே மட்டும் பிடுங்கிப் பாருங்கள். எஞ்சின் அறையில் இருக்கும் பெட்டி வடிவ முதன்மை ஃபியூஸ்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த முறையில் நான் மதிப்பது அதன் மென்மையை. கார் தான் உறங்கும் நிலையிலேயே கிடக்கிறது. நாம் ஒவ்வொரு கிளையிலும் காது வைத்துக் கேட்டுவிட்டு வருகிறோம்.

கிளை அகப்பட்டதும் காரின் ஒயரிங் படத்தை எடுத்து, அந்த ஃபியூஸுக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றின் பிளக்கையும் கழற்றிக்கொண்டே போங்கள். ஒரே ஃபியூஸ் உட்புற விளக்கு, ரேடியோவின் நினைவு, ஆன்டெனா என்று தொடர்பில்லாதவற்றுக்கெல்லாம் மின்சாரம் கொடுப்பது உண்டு. ஃபியூஸின் பெயரைப் பார்த்து உட்புற விளக்கைத்தான் குற்றம் சொல்வார்கள். உண்மையில் ரேடியோ இழுத்துக்கொண்டிருக்கும்.

எம்எக்ஸ்-5 காரில் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

மீட்டரை எடுக்கும் முன், இருட்டிய பிறகு காரின் பின்னால் போய் நில்லுங்கள். பிரேக் லைட் எரிகிறதா? இந்தக் காரில் இது அரிய குறை அல்ல. பிரேக் மிதியை விட்டதும், மிதித்தண்டில் உள்ள ஒரு துளையில் செருகப்பட்ட சிறிய பிளாஸ்டிக் அடைப்பு வந்து சுவிட்சின் முனையை அழுத்தி விளக்கை அணைக்கிறது. முப்பது ஆண்டுகளில் அந்த அடைப்பு நொறுங்கி உதிர்ந்துவிடுகிறது. பின்னர் சுவிட்சின் முனை வெறும் துளைக்குள் நுழைந்துவிடுவதால், மிதியைத் தொடாமலே பிரேக் லைட்டுகள் எரியும். 21 வாட் விளக்குகள் இரண்டும் மேலே உள்ள மூன்றாவது விளக்கும் சேர்ந்து நான்கைந்து ஆம்பியர் இழுக்கும். மாலையில் நிறுத்திய கார் விடியும் முன் செத்துவிடும். மிதிக்குக் கீழே விரிப்பில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் அதுவே சாட்சி. புதிய அடைப்பின் விலை மிகக் குறைவு. அது வந்து சேரும் வரை பொருத்தமான ஒரு போல்ட்டையும் நட்டையும் அந்தத் துளையில் பூட்டி ஓட்டலாம். என் காரிலும் இதுதான் நடந்தது. அதைக் கண்டுபிடிக்கும் முன்பே ஒரு பணிமனையின் பேச்சைக் கேட்டுப் புதிய பேட்டரி வாங்கியிருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அடுத்தது ரேடியோ. பின்னால் பொருத்தப்படும் ரேடியோக்களில் மஞ்சள் ஒயர் நினைவுக்காக எப்போதும் மின்சாரம் பெறுவது. சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பும்போது மட்டும் பெறுவது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் இணைத்திருந்தால் ரேடியோ அணைந்ததுபோல் தோன்றினாலும் பாதி விழித்தே இருக்கும். ஆம்பிளிஃபயர் இருந்தால் அதை எழுப்பும் மெல்லிய ஒயரையும் சரிபாருங்கள். அது நிரந்தர மின்சாரத்தில் இருந்தால் ஆம்பிளிஃபயர் உறங்கவே உறங்காது. காலையில் அதன் உலோக உடலைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும்.

பிரிட்டனில் விற்கப்பட்ட கார்கள் பலவற்றில் 1990-களில் விற்பனையாளர்களே பொருத்திய அலாரமும், திருடர் எஞ்சினைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் இம்மொபிலைசரும் இருக்கும். இவற்றில் தனக்கென உள்ளே சிறு பேட்டரி வைத்திருக்கும் சைரன் வகை முதுமையில் தொல்லை தரும். உள்ளிருக்கும் செல்கள் கெட்ட பின், ஏறாத மின்னேற்றத்தை ஏற்ற அது காரின் பேட்டரியை ஓயாமல் உறிஞ்சும். சில சமயம் செல்கள் கசிந்து மின்பலகையையே அரித்துவிடும். சைரனின் பிளக்கைக் கழற்றியதும் மீட்டரில் எண் விழுந்தால் விடை கிடைத்துவிட்டது.

மூடிய பெட்டிக்குள் எரியும் விளக்கைக் கண்டுபிடிக்க, கைபேசியை வீடியோ எடுக்கும் நிலையில் உள்ளே வைத்து மூடித் திறந்து, பதிவைப் பாருங்கள்.

எல்லா ஃபியூஸ்களையும் எடுத்தும் எண் குறையவில்லை. இனி என்ன?

அப்படியானால் மின்னோட்டம் அந்த ஃபியூஸ்கள் வழியாகவே போகவில்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் ஒவ்வொரு ஒயரையும் கண்ணால் பின்தொடருங்கள். பின்னால் சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் இங்கேதான் கொக்கி போட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குள் இருக்கும் டையோடுகள் மின்னோட்டத்தைப் பேட்டரியை நோக்கி மட்டும் விடும் ஒருவழிக் கதவுகள். அவற்றில் ஒன்று பழுதானால் எஞ்சின் நின்ற பிறகு பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டரின் சுருளுக்குள் மின்னோட்டம் பின்னோக்கி ஓடும். இரவு முழுவதும் நின்ற காரின் ஆல்டர்னேட்டர் காலையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் ஐயமே வேண்டாம். ஓர் ஆம்பியர் கசிவு பன்னிரண்டு வாட் வெப்பத்தைக் கொடுக்கும்.

உறுதிசெய்ய, முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த கேபிளை அகற்றி, அதன் முனை எங்கும் படாதபடி டேப் சுற்றி, பிறகு மறுபடி அளங்கள். எண் இயல்புக்கு விழுந்தால் ஆல்டர்னேட்டரைச் சரிசெய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை மாறுமின்னழுத்தத்தில் (AC) வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவதும் டையோடு பழுதின் அடையாளம்.

சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இறங்குகிறது. அளக்கும்போது எதுவும் அகப்படுவதில்லை. ஏன்?

தேடல்களிலேயே பொறுமையைச் சோதிப்பது இதுதான். ரிலேயின் தொடுமுனை எப்போதாவது ஒட்டிக்கொள்வது, கதவுச் சுவிட்ச் அரைகுறையாக அழுந்துவது, பெட்டி ஒன்றுக்குள் ஈரம் புகுவது ஆகியவையே பொதுவான காரணங்கள். மழைக்குப் பிறகு மட்டும் இறங்குகிறதா, குறிப்பிட்ட ஒரு பக்கக் கதவைத் திறந்த நாளில் மட்டுமா என்று ஒரு தாளில் நாள்தோறும் மின்னழுத்தத்தோடு சேர்த்துக் குறித்து வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஒழுங்கு ஒன்று புலப்படும்.

ஈரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு 986 வகை போர்ஷே பாக்ஸ்டர். திறந்த மேற்கூரைக் காரான அதில், கூரையின் வடிகால் துளைகள் இலைச் சருகால் அடைபட்டால் நீர் உள்ளே இறங்கும். அலாரத்தையும் பூட்டுகளையும் ஆளும் பெட்டியோ இருக்கைக்குக் கீழே, தரையில் இருக்கிறது. கம்பளம் நனைந்தால் அந்தப் பெட்டி உறங்க மறுக்கும். இருக்கைக்குக் கீழே கையை வைத்து ஈரம் பார்ப்பது அந்தக் காரில் மீட்டரை எடுப்பதற்கும் முந்திய வேலை. எம்எக்ஸ்-5 காரிலும் கூரையின் வடிகால்கள் அடைபடும்.

பேட்டரி முழுவதும் இறங்கியதால் கதவோ பேட்டரி இருக்கும் அறையோ திறக்கவில்லை. என்ன செய்வது?

எம்எக்ஸ்-5 காரில் டிக்கி சாவியால் திறக்கும், கவலையில்லை. பாக்ஸ்டர், 996 வகை 911 ஆகியவற்றில் பிற்காலத்தில் வந்தவற்றின் முன்மூடி மின்சாரத்தால் திறப்பது. பேட்டரியோ அந்த மூடிக்குள் இருக்கிறது. அவற்றில் ஓட்டுநரின் கால் பக்கத்து ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுத்துக்கொள்ளும் நேர்முனை ஒன்று உண்டு. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து மூடியைத் திறக்கலாம். அது மூடியைத் திறக்க மட்டுமே. எஞ்சினைக் கிளப்ப அதைப் பயன்படுத்தக் கூடாது. 2005 முதல் வந்த ஆறாம் தலைமுறை கார்வெட்டின் கதவுகள் மின்பொத்தானால் திறப்பவை. உள்ளே அகப்பட்டுக்கொண்டவர் இருக்கையை ஒட்டித் தரையில் உள்ள கைப்பிடியை இழுத்து வெளியேறலாம். அந்தக் காரை வைத்திருப்பவர் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தக் கைப்பிடியைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டால் தேடவே வேண்டியதில்லையே?

நீண்ட நாள் நிறுத்துவதற்கு, பேட்டரியைக் காரிலிருந்து துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சும், நிறைந்ததும் தானே அடங்கிக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜரும் நல்ல ஏற்பாடுகளே. குளிர்காலம் முழுவதும் நிற்கும் காருக்குப் பராமரிப்புச் சார்ஜரை நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் காரணம் தெரியாத கசிவை அவற்றால் மூடி வைக்க வேண்டாம். அரை ஆம்பியர் எங்கே போகிறது என்று தெரியாத நிலையில், அது ஏதோ ஓர் இடத்தில் வெப்பமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் உறுதி. தோல் உரிந்த ஒயர் ஒன்று கம்பளத்துக்கு அடியில் சூடாகிக்கொண்டிருந்தால், சார்ஜர் அதற்கு இடைவிடாமல் தீனி போடும்.

முழுவதும் இறங்கிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தலாமா?

உடனே ஏற்றினால் பெரும்பாலும் மீளும். வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் தகடுகளின்மேல் ஈயச் சல்ஃபேட் கடினப் படிகமாக இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். உறைபனி விழும் நாடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நிறைந்த பேட்டரியின் அமிலம் எந்தச் சாதாரணக் குளிரிலும் உறையாது, இறங்கிய பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் நீர் என்பதால் சுழியத்துக்குச் சில பாகை கீழே போனதும் உறைந்து உறையைப் பிளந்துவிடும். ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் போதும் என்று எண்ண வேண்டாம். வெறுமையான பேட்டரி நிறைவதற்கு மெதுவான சார்ஜரில் ஓர் இரவாவது வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எம்எக்ஸ்-5 காருக்கு வாயு வெளியேறும் குழாய் பொருத்தக்கூடிய பேட்டரியையே வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. தொழிற்சாலை அந்தக் குழாயை டிக்கியின் தரை வழியாக வெளியே விட்டிருப்பது இதற்காகத்தான். குழாய் இல்லாத சாதாரணப் பேட்டரியை வைத்த கார்களில் அமில ஆவி டிக்கியின் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்திருப்பதையும் காணலாம்.

சரிசெய்துவிட்டேன் என்று எப்போது நம்பலாம்?

மீட்டரில் எண் இயல்புக்கு வந்ததோடு நிறுத்த வேண்டாம். நிறைந்த, ஓய்ந்த பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு, காரைப் பூட்டி ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். 20 மில்லி ஆம்பியரில் ஏழு நாளில் போவது மூன்றரை ஆம்பியர்-மணிக்கும் குறைவு, 12.7 வோல்ட்டில் தொடங்கிய பேட்டரி 12.5-க்குக் கீழே போயிருக்கக் கூடாது. மழை பெய்த ஒரு வாரத்திலும் இதே சோதனையை மறுமுறை செய்துவிட்டு, கடைசியாக அளந்த மில்லி ஆம்பியரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்து ஒரு ரேடியோவோ கண்காணிப்புக் கருவியோ பொருத்தப்படும் நாளில், மாற்றத்தை ஒப்பிட அந்த எண் வேண்டியிருக்கும்.